எதைச் சொன்னாலும் ஒன்றும் சொல்லாதே

2025 அக்டோபர் 14, செவ்வாய். பெல்ஃபாஸ்ட்

சித்தி முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியை. ஓய்வு பெற்றதும் லீட்ஸில் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஏரிகள், கோட்டைகள் என்று நான் போட்டு வைத்திருந்த பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏரியைப் பார்க்க எதுக்குடா இவ்வளவு தூரம்? அடிச்சுக்கிட்ட ஜனங்களை ஒரே மேஜையில உட்காரவச்சுப் பேச விட்டாங்கன்னு சொன்னியே, அந்த ஊருக்குப் போலாம்" என்றார்.

அந்த ஊர் வட அயர்லாந்து. பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்டுகள், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்டுகள், ஒரு பக்கம். அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதிகள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், மறு பக்கம். முப்பது ஆண்டு வன்முறையில் 3,500 பேருக்கு மேல் செத்த இடம். 1998 ஏப்ரல் 10இல் புனித வெள்ளி உடன்பாடு என்ற அமைதி ஒப்பந்தம் வந்தது. அடுத்த மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் இங்கே 71 சதவீதம் பேர் அதற்குச் சம்மதம் சொன்னார்கள். அதெல்லாம் தலைவர்கள் பேசி முடித்த கதை. எனக்கு ஆர்வம் வேறொன்றில். குலுக்கல் மாதிரி சாதாரண ஜனங்களைப் பொறுக்கியெடுத்து, இரண்டு பக்கத்து ஆட்களையும் கலந்து உட்காரவைத்து, ஊரையே பிளக்கும் ஒரு விஷயத்தைப் பேசச் சொன்னால் என்ன ஆகும்? அதை இங்கே உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

இறங்கும்போது தூறல். மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தங்கும் வீட்டு அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ஓர் இரவுக்கு 85 பவுண்டு, காலைச் சாப்பாடு சேர்த்து. கதவைத் திறந்த பத்து நிமிடத்துக்குள் வானிலை, விமானம், தன் முழங்கால் வலி, சித்தியின் முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்து டீயும் கொடுத்துவிட்டார். எதற்கு வந்தோம் என்று நான் சொன்னதும் "ஓ, நல்லது" என்றார். திரும்பவும் மழைக்குப் போய்விட்டார்.

மதியம் டாக்சி பிடித்து கூப்பார் வே சுவரைப் பார்க்கப் போனோம். ஒரு பக்கம் ஃபால்ஸ் சாலை, கத்தோலிக்கர்கள். மறு பக்கம் ஷாங்கில், புராட்டஸ்டன்ட்டுகள். தற்காலிகம் என்று சொல்லித்தான் 1969இல் ராணுவம் முதல் தடுப்பைப் போட்டது. 2023க்குள் எல்லாச் சுவரையும் எடுத்துவிடுவோம் என்று 2013இல் அரசு அறிவித்தது. சுவர் அங்கேயே நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் மார்க்கரால் அமைதி, அன்பு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். டிரைவர் எங்களிடமும் ஒரு மார்க்கரை நீட்டினார். சித்தி, "சுவத்துல கிறுக்குன பசங்களை வெளியில நிக்க வச்சவ நான்" என்று மறுத்துவிட்டார்.

எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். யாரும் நேராகக் கேட்கமாட்டார்களாம். பெயரை வைத்துப் பாதி, படித்த பள்ளியை வைத்து மீதி. அதிலும் தெரியவில்லையென்றால் ஆங்கில எட்டாவது எழுத்தைச் சொல்லவைத்தால் போதும்: கத்தோலிக்கர் 'ஹேய்ச்' என்பார், புராட்டஸ்டன்ட் 'ஏய்ச்' என்பார். சித்தியைச் சொல்லச் சொன்னார். சித்தி நம்மூர் வழக்கப்படி 'ஹெச்' என்றார். "அப்போ நீங்க எங்க ஆளு!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார் டிரைவர். இறங்கிய பிறகு சித்தி சொன்னார்: "நம்ம ஊர்ல பேரைக் கேட்டு, அப்பா பேரைக் கேட்டு, கடைசியா 'எந்தத் தெரு'ன்னு கேப்பாங்கல்ல, அதேதான்."

மாலையில் நடந்து திரும்பலாம் என்பது என் யோசனை. லானார்க் வே கதவு மூடிக்கிடந்தது. இருட்டினால் சுவரில் உள்ள கதவுகளைப் பூட்டிவிடுவார்கள் என்று படித்திருந்தேன், ஆனால் நம் முகத்துக்கு நேரே பூட்டியிருப்பது வேறு. தூறலில் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தோம். சித்தி என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்டோபர் 15, புதன். பெல்ஃபாஸ்ட்

காலையில் அல்ஸ்டர் ஃப்ரை. பன்றி இறைச்சி, சாசேஜ், முட்டை எல்லாவற்றையும் கழித்துவிட்டு சித்திக்கு மிஞ்சியது சோடா ரொட்டி, உருளைக்கிழங்கு ரொட்டி, தக்காளி, காளான். உருளைக்கிழங்கு ரொட்டியைப் பிட்டுப் பார்த்து, "வெல்லம் வைக்காத போளி" என்று தீர்ப்பு சொல்லி, கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்தார். வீட்டு அம்மாள் வாங்கி மோந்து பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

நண்பர் ஒருவர் மூலம் ஓய்வுபெற்ற அரசியல் பேராசிரியர் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடாகியிருந்தது. பொட்டானிக் அவென்யூவில் ஒரு கடை. மூன்று டீ, மூன்று ஸ்கோன், 16 பவுண்டு. சித்தி மனசுக்குள் ரூபாயில் பெருக்குவது முகத்தில் தெரிந்தது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சுருக்குகிறேன். பிளவுபட்ட சமூகத்துக்கு அரசியல் அறிஞர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்த மருந்து, அதிகாரப் பகிர்வு. அரென்ட் லைபார்ட் இந்தக் கருத்தின் பெரிய பெயர். இரு பக்கத் தலைவர்களும் மேலே உட்கார்ந்து பேரம் பேசுவார்கள், ஜனங்கள் கீழே அவரவர் பக்கத்தில் இருப்பார்கள். ஸ்டார்மான்ட், அதாவது வட அயர்லாந்தின் சட்டமன்றம், அப்படித்தான் ஓடுகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தேசியவாதி, யூனியனிஸ்ட், மற்றவர் என்று ஏதாவது ஒன்றில் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். முக்கியமான முடிவுகளுக்கு இரு பக்கத்து ஆதரவும் வேண்டும். ஒரு பக்கம் எழுந்து போனால் கடை மூடப்படும். 2017லிருந்து மூன்று ஆண்டு, 2022லிருந்து இரண்டு ஆண்டு மூடிக்கிடந்தது.

"அப்போ ஜனங்களைப் பேச விட்டா என்ன?" என்றார் சித்தி, ஆங்கிலத்தில்.

பேசவிட்டால் எரியும் என்பதுதான் பொதுவான பயம் என்றார் பேராசிரியர். ஆனாலும் முயற்சிகள் உண்டு. 1992-93இல், குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, டொர்கெல் ஓப்சால் என்ற நார்வே சட்டப் பேராசிரியர் தலைமையில் ஒரு குடிமக்கள் விசாரணை நடந்தது. உங்கள் யோசனையைச் சொல்லுங்கள் என்று ஊரெல்லாம் கேட்டார்கள். 500க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. 1996இல் இரு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து பெண்கள் கூட்டணி என்று ஒரு கட்சியைத் தொடங்கி, பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு இடம் பிடித்தார்கள். உடன்பாட்டில் 'குடிமை மன்றம்' என்ற ஒன்று நுழைந்ததற்கு அவர்கள்தான் முக்கிய காரணம். 60 உறுப்பினர்களோடு 2000இல் கூடியது. 2002இல் சட்டமன்றம் முடங்கியபோது அதுவும் முடங்கியது. சட்டமன்றம் திரும்பி வந்தது, குடிமை மன்றம் வரவில்லை.

2018இல், ஸ்டார்மான்ட் மூடிக்கிடந்த நேரத்தில், எழுபது சொச்சம் பேரைக் கொண்டு ஒரு குடிமக்கள் அவை பெல்ஃபாஸ்ட்டில் கூடியது. என்ன தலைப்பு தெரியுமா? முதியோர் பராமரிப்பு. கொடியில்லை, எல்லையில்லை, மொழியில்லை. முதல் தடவை என்பதால் இரு பக்கமும் உட்காரக்கூடிய தலைப்பாகப் பார்த்தார்கள் என்பது புரிகிறது. முதியோரும் முக்கியம்தான். ஆனாலும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நீச்சல் தெரியுமா என்று சோதிக்க முழங்கால் தண்ணீரில் இறக்கிவிட்ட மாதிரி.

அவர் கிளம்பும்போது சொன்ன உள்ளூர்ப் பழமொழி ஒன்றை நோட்டில் குறித்துக்கொண்டேன்: 'எதைச் சொன்னாலும் ஒன்றும் சொல்லாதே.' துப்பாக்கிக் காலத்தில் உயிர் பிழைக்க உதவிய புத்தி. இப்போது அது நல்ல பழக்கமாகிவிட்டது, வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிடுவது மாதிரி. இந்த ஊர்க்காரர்களுடைய இனிமையில் ஏதோ ஒன்று இடறுகிறது என்று நேற்றிலிருந்து தோன்றிக்கொண்டிருந்தது. இதுதான் அது.

அக்டோபர் 16, வியாழன். ஓமா

பெல்ஃபாஸ்ட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் கிட்ட. பச்சை வயல், ஆடு, மறுபடி பச்சை. சில ஊர்களில் விளக்குக் கம்பத்தில் பிரிட்டிஷ் கொடி, நடைபாதை ஓரக்கல்லில் சிவப்பு-வெள்ளை-நீலம். அடுத்த ஊரில் அயர்லாந்தின் மூவர்ணம். சித்தி எண்ணத் தொடங்கி டன்கானனைத் தாண்டியதும் தூங்கிவிட்டார்.

ஓமாவில் 1998 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை மதியம், கடைத்தெருவில் கார் குண்டு வெடித்து 29 பேர் செத்தார்கள். வயிற்றில் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்த ஒரு பெண்ணும் அதில் உண்டு. உடன்பாடு கையெழுத்தாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதை ஏற்காத ஒரு பிரிவின் வேலை. நினைவிடத்தை விசித்திரமாக அமைத்திருக்கிறார்கள்: தோட்டத்தில் ஒரு கண்ணாடி வெயிலைப் பிடித்து 31 சிறு கண்ணாடிகள் மேல் அனுப்பும், அங்கிருந்து ஒளி தெருவுக்குத் தாவி, குண்டு வெடித்த இடத்திலுள்ள கண்ணாடித் தூணுக்குள் இருக்கும் படிக இதயத்தில் விழும். இதற்காகவே காலை பஸ் பிடித்தோம். வானம் முழுக்கச் சாம்பல். ஒரு மணி நேரம் நின்றோம். இதயம் இருக்குமிடம் தெரிந்தது, ஒளி வரவில்லை. அந்த வழியாக வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, இது அவர் தவறு போல, "இன்றைக்கு வெயில் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் ஷூ நனைந்து சாக்ஸ் வரை போய்விட்டது. பக்கத்துக் காபிக் கடையில் ஒதுங்கினோம். சூப் இன்று கோழியாம். சித்திக்கு சாம்ப், அதாவது வெங்காயத்தாள் போட்டு வெண்ணெய் ஊற்றிப் பிசைந்த உருளைக்கிழங்கு. 5 பவுண்டு 50. ஊறுகாய் திரும்பவும் வெளியே வந்தது. பக்கத்து மேசைப் பெண்மணி அது என்ன என்று கேட்டார், ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படித்தான் பேச்சு தொடங்கியது. 2007இல் இந்த ஊரில் பெற்றோரைக் கூட்டிப் பேசவிட்டது பற்றி நான் கேட்டதும், "நானும் போயிருந்தேனே" என்றார். குலுக்கலில் பரிசு விழுந்தது மாதிரி இருந்தது எனக்கு.

2007 ஜனவரியில் ஒரு நாள், இந்த வட்டாரத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் 120க்கும் மேற்பட்டவர்களை இங்கே கூட்டினார்கள். தானாக முன்வந்தவர்கள் இல்லை, வாய்ப்புமுறையில் தேர்ந்தவர்கள். கலந்தாய்வுக் கருத்துக்கணிப்பு என்று பெயர். அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் உருவாக்கிய முறை. முதலில் ஒரு கேள்வித்தாள். அப்புறம் எல்லாத் தரப்பு வாதமும் சமமாக உள்ள குறிப்பேடு. அப்புறம் நடுவரோடு சிறு குழுக்கள், கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டும் கலந்து. நிபுணர்களைக் கேள்வி கேட்கும் நேரம். கடைசியில் அதே கேள்வித்தாள் மறுபடியும். தலைப்பு, பள்ளிக்கூடங்களின் எதிர்காலம். இங்கே பிள்ளைகளில் பெரும்பாலோர் பக்கத்துக்கொரு பள்ளியில் தனித்தனியாகத்தான் படிக்கிறார்கள். இரு பக்கமும் சேர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த பள்ளி முதன்முதலில் 1981இல் பெல்ஃபாஸ்ட்டில் 28 பிள்ளைகளோடு தொடங்கியது. இன்றும் பத்தில் ஒரு பிள்ளைகூட அப்படிப்பட்ட பள்ளிகளில் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து பெஞ்சுகள் காலியாகின்றன, அப்படியானால் பக்கத்துப் பள்ளியோடு சேருவதா, வகுப்பைப் பகிர்வதா, தனியாகவே மூடுவதா? முதியோர் பராமரிப்பு இல்லை இது. இடுப்புக்கு மேல் தண்ணீர்.

"முதல் ஒரு மணி நேரம் வீண்" என்றார் அந்தப் பெண்மணி. "எல்லோரும் அவ்வளவு மரியாதை. பஸ் வசதி பற்றிப் பேசினோம். சீருடை விலை பற்றிப் பேசினோம். பிறகு ஒரு அப்பா, கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே, தன் மகள் அந்தப் பள்ளிக்குப் போனால் யாருமில்லாதவளாகத் திரும்பி வருவாளோ என்று பயமாக இருக்கிறது என்றார். மேசையே அமைதியாகிவிட்டது. எனக்குக் கோபம் வரவேண்டும். 'அந்தப் பள்ளி' என்று அவர் சொன்னது எங்கள் பள்ளியை. ஆனால் அதே பயம்தான் எனக்கும் இருந்தது, அவர்கள் பள்ளி பற்றி."

சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நடுவர் என்ன பண்ணினார்?"

"ஒன்றும் இல்லை. வானிலைக்குத் திரும்பிப் போகவிடாமல் பார்த்துக்கொண்டார்."

அன்று பலருடைய மனம் தலைகீழாக மாறிவிடவில்லை. அப்படிச் சொன்னால் பொய். விஷயம் கூடுதலாகத் தெரிந்தது, பள்ளிகள் ஒத்துழைப்பதற்கு ஆதரவு ஏறியது. என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி. எதிர்ப் பக்கத்தவர்கள் நியாயத்துக்குக் காது கொடுப்பவர்களா? காலையில் ஆம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மாலையில் பாதிக்கு மேல். இரு பக்கத்தைப் பற்றியும் இதே கதை. ஒரே ஒரு நாளில். அந்த நாளுக்குப் பிறகு எவ்வளவு நாள் நீடித்தது என்று நான் கேட்டதற்கு அவர் தோளைக் குலுக்கினார். அந்த அப்பாவை இப்போதும் சூப்பர்மார்க்கெட்டில் பார்ப்பாராம். தலையசைப்பார்களாம். பள்ளி பற்றிப் பேசியதில்லையாம்.

மதியத்துக்கு மேல் சித்தியின் வற்புறுத்தலில் ஸ்ட்ரூல் வளாகம். பழைய ராணுவ முகாமில் ஆறு பள்ளிகளைப் பக்கம் பக்கமாகக் கொண்டுவரும் திட்டம். முதலாவதான ஆர்வலி சிறப்புப் பள்ளி 2016இல் திறந்துவிட்டது. மற்ற ஐந்தும் இன்னும் வரவில்லை. வந்தாலும் ஒவ்வொன்றும் தன் பெயரோடு, தன் சீருடையோடுதான் இருக்கும். விளையாட்டுத் திடல், சில வகுப்புகள் மட்டும் பொது. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு சித்தி சொன்னார்: "ஒரே காம்பவுண்டுக்குள்ள ஆறு ஹெட்மாஸ்டர். பசங்க சேர்ந்திருவாங்க, இவங்க சேரமாட்டாங்க." அனுபவம் பேசியது, நான் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி. டெரி

இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே கட்சி தெரிந்துவிடும். தேசியவாதிகளுக்கு டெரி, யூனியனிஸ்ட்டுகளுக்கு லண்டன்டெரி. நேற்று டிக்கெட் கவுன்டரில் நான் ஒரு பெயரைச் சொல்ல, அங்கிருந்தவர் என்னைத் திருத்தாமல், மற்ற பெயரையும் சொல்லாமல், "வடமேற்குக்கா?" என்றார். அந்த நாசூக்குக்குக் கைதட்டலாம். அதே நாசூக்கில் ஒருவழி டிக்கெட்டுக்குப் பதில் போகவரச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார், திரும்பி ரயிலில் போகும் எங்களுக்கு. பணம் போனது போனதுதான்.

17ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர் மேல் ஒரு சுற்று நடந்தோம். ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் பாக்சைட் என்ற கத்தோலிக்கப் பகுதி, சுவரோவியங்கள். இன்னொரு பக்கம் ஃபவுன்டன் என்ற புராட்டஸ்டன்ட் பகுதி, பிரிட்டிஷ் வண்ண ஓரக்கற்கள். 2011இல் திறந்த அமைதிப் பாலம் ஆற்றின் மேல் வளைந்து போகிறது. காற்றில் சித்தியின் குடை பின்பக்கமாக மலர்ந்து உடைந்தது. புதுக் குடை 8 பவுண்டு. கிரெய்காவன் பாலத்தருகே இரண்டு வெண்கல மனிதர்கள் கை நீட்டி நிற்கிறார்கள். விரல்கள் தொடவில்லை, சிற்பி மாரிஸ் ஹாரன் இடைவெளி விட்டிருக்கிறார். எல்லோரும் நடுவில் நின்று இரண்டு கையையும் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம்.

பெல்ஃபாஸ்ட்டுக்கு ரயில். கடலை ஒட்டிக்கொண்டே போகிறது. இந்த நான்கு நாளில் முதல் வெயில் இங்கேதான், நேற்று தேவைப்பட்டபோது வராத அதே வெயில்.

அக்டோபர் 18, சனி. மாலஹைட்

எல்லை தாண்டி அயர்லாந்து குடியரசு. சித்தியின் விசாவில் இரு நாட்டுக்கும் செல்லும் முத்திரை இருக்கிறதா என்று மூன்று தடவை சரிபார்த்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லை வந்ததைச் சொன்னது என் போன்தான்: வேறு நாட்டுக்கு வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி. டப்ளினில் இறங்கி உள்ளூர் ரயிலில் மாலஹைட்.

கடலோரத்தில் வெள்ளையாக ஒரு பெரிய ஹோட்டல். 2016இலிருந்து அயர்லாந்தின் குடிமக்கள் அவை, 99 குடிமக்களும் தலைவராக நீதிபதி மேரி லாஃபோயும், இங்கேதான் கூடியது. ஐந்து வார இறுதிகள் கருக்கலைப்புத் தடை பற்றி மட்டும். தடையை நீக்க வேண்டும் என்றது அவை. கட்சிகள் பல காலம் தொடப் பயந்த விஷயம். 2018 மே பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். இடையில் ஓர் அசிங்கமும் நடந்தது. விலகியவர்களுக்குப் பதிலாகச் சேர்த்த ஏழு பேரைக் குலுக்கலில் எடுக்காமல் தெரிந்தவர்கள் மூலம் எடுத்திருந்தது வெளியே வந்து, ஏழு பேரையும் நீக்கினார்கள். கருக்கலைப்பு விவாதம் முடிந்த பிறகு வந்தவர்கள் என்பதால் அந்த முடிவு தப்பியது.

இன்று அங்கே கல்யாணம். வரவேற்பில் இருந்த பையனிடம் சித்தி உத்திரமேரூர் கல்வெட்டையும் குடவோலையையும் விளக்க ஆரம்பித்துவிட்டார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நாங்கள் பானையில் சீட்டுப் போட்டோம் என்று. பையன் பொறுமையாகக் கேட்டான். சொந்த நிலமும் சொந்த வீடும் உள்ளவர் பெயர்தான் பானைக்குள் போனது என்பதை நான் வெளியே வந்த பிறகு ஞாபகப்படுத்தினேன். "அதெல்லாம் அந்தப் பையனுக்கு எதுக்குடா?" என்றார்.

தெற்கே இது வேலை செய்ததற்கு ஒரு வசதி உண்டு. அவை சொல்லும், நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டு போகும், ஜனங்கள் வாக்களிப்பார்கள். வடக்கே அவை சொன்னால் கேட்க ஸ்டார்மான்ட் திறந்திருக்க வேண்டும். தெற்கிலும் எல்லாம் நடந்துவிடவில்லை. தெருவெல்லாம் அடுத்த வாரம் 24ஆம் தேதி நடக்கும் ஜனாதிபதித் தேர்தல் தட்டிகள். வடக்கில் வாழும் ஐரிஷ் குடிமக்களுக்கும் இந்தத் தேர்தலில் வாக்கு வேண்டும் என்று 2013இலேயே, இதற்கு முந்தைய அரசியலமைப்பு மாநாடு பரிந்துரைத்தது. இன்றுவரை அதற்கான பொதுவாக்கெடுப்பு நடக்கவில்லை. அந்த மாநாட்டுக்கு வடக்கின் கட்சிகளையும் அழைத்தார்கள். யூனியனிஸ்ட் கட்சிகள் வரவில்லை. எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, அயர்லாந்து ஒன்றாவதா வேண்டாமா என்பது. அந்த மேசைக்கு ஒரு பக்கம் வரவே மறுத்தால், எவ்வளவு நல்ல நடுவர் இருந்து என்ன செய்வது? ரயிலில் திரும்பும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தி 6 யூரோ சாண்ட்விச்சுக்குள் ஊறுகாய் தடவிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 19, ஞாயிறு. பெல்ஃபாஸ்ட்

கிளம்பும் நாள். வீட்டு அம்மாள் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, தேவாலயத்துக்குக் கிளம்பத் தயாராக, எங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். ஓமாவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். சித்தி சொன்னார்: மேசை, அந்த அப்பா, பேனா, எல்லாம். அம்மாள் தேநீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி முழுவதும் கேட்டார்.

அப்புறம் சித்தி, அவ்வளவு சாதாரணமாக, "நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?" என்றார்.

மேசைக்கடியில் நான் அவர் காலை மிதித்தேன். அவர் நகர்த்தவில்லை. வீட்டு அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தார். சித்தியைப் பார்த்தார்.

"மதியத்துக்கு மேல் வெளுக்கும் என்கிறார்கள்" என்றார். பிறகு, கேட்காமலேயே, சித்தியின் தட்டில் இன்னொரு சோடா ரொட்டியை வைத்தார்.